சல்லடையில் அடைத்த உப்பு

எங்கள் கூட்டுக் குடும்பத்தில் என் கொழுந்தனார் மனைவி பிறந்த வீட்டுச் சீராகப் புது வாஷிங் மெஷின் கொண்டுவந்தாள். வந்தவர்களையெல்லாம் மாமியார் கூட்டிப்போய் அதைக் காட்டுவார். மாடியில் கிடந்த என் பழைய மெஷினை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் அவளுடைய புது மெஷினில் தண்ணீர் ஏறவில்லை. பிளக்கைப் பிடுங்கி மாட்டினாள். போனில் பார்த்து ரீசெட் செய்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. சேந்தமங்கலத்திலிருந்து மெக்கானிக் வர ஒரு வாரமாகுமாம். எனக்குக் காரணம் தெரியும். எங்கள் போர் தண்ணீரின் உப்பு, மெஷினில் பைப் மாட்டும் இடத்திலுள்ள சல்லடையை அடைத்துவிடும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கையால் துவைக்கும் சத்தத்தை நாலு நாள் ரசித்துக் கேட்டேன்.

ஐந்தாம் நாள் அவள் என் மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். சோப்புத்தூள் பட்டு, பின்னிய அந்த விரலெல்லாம் தோல் உரிந்திருந்தது. அதற்குமேல் பொறுக்க முடியாமல் எழுந்துபோய், சல்லடையைக் கழற்றித் தேய்த்து மாட்டினேன். தண்ணீர் கொட்டியது.

"எப்படீங்க்கா தெரியும்?"

"என்னோடதும் இப்படித்தான் நின்னுச்சு."

"எப்பங்க்கா?"

பொய் வாயில் வரவில்லை. "போன மாசம்."

தோல் உரிந்த தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு, "உங்க துணியவும் கொண்டாங்க்கா, சேத்தே போட்டுடலாம்" என்றாள்.

திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.