மச்சாளோடு பால்டிக் கரையில் எட்டு நாள்

அதை விடுமுறை என்றுதான் எல்லோரும் சொன்னோம். மச்சாள், அதாவது என் அண்ணையின் மனைவி, ஆஸ்பத்திரி ஒன்றில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். மொன்றியலை அடுத்த லவாலில் அவரோடு இருக்கும் மகள் எங்கே போக விருப்பம் என்று கேட்டாள். கியூபாவா, பாரிஸா என்று படங்களையும் காட்டினாள். மச்சாள் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து அண்ணையின் கடைசிக் கடிதத்தை எடுத்து வந்து, உறையில் இருந்த தபால் முத்திரையைக் காட்டினார்.

"இந்த ஊருக்குப் போவம்."

முப்பது வருடத்துக்கு முன் அண்ணை பருத்தித்துறையிலிருந்து ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டவர். மொஸ்கோ வந்து, லத்வியாவின் கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஒளித்திருந்து, அங்கிருந்து வள்ளத்தில் சுவீடனுக்குப் போவது திட்டம். அந்தக் கிராமத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. செத்தார் என்று யாரும் சொல்லாதபடியால் அந்தியேட்டி செய்யவில்லை. மச்சாள் தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு, உறுதியான செய்தி வராமல் ஒருவருக்குக் காரியம் செய்வது அவரைக் கொல்வதற்குச் சமம்.

யாரும் சொல்லவில்லை என்று எழுதிவிட்டேன். அது பொய். எனக்குச் சொன்னார்கள்.

அந்த வருடம் கந்தசஷ்டி விரதம் முடித்து இரண்டாம் நாள். மொன்றியல் டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரண்ட் சமையலறையில் எனக்கு வேலை. மத்தியான வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஜெர்மனியிலிருந்து ஒருவர் கதைத்தார், அண்ணையோடு வள்ளத்தில் ஏறியவர். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே வள்ளம் பிரண்டுவிட்டதாம்.

"உங்கட அண்ணையை நான் கையிலை பிடிச்சிருந்தனான் அக்கா. குளிரிலை கை மரத்து விட்டுப்போச்சுது. அவர் தாண்டு போனதை என்ர கண்ணாலை கண்டனான்."

அன்றும் வேலைக்குப் போனேன். எட்டு மணித்தியாலம் பாத்திரம் கழுவினேன். ஊரில் இருந்த அம்மாவுக்கும் மச்சாளுக்கும் எழுதிய கடிதத்தில், இன்னும் ஒரு தகவலும் இல்லை என்று எழுதினேன்.

சொல்லாமல் விடுவதாக நான் நினைக்கவில்லை. அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம், கொஞ்சம் தேறட்டும் என்று பார்த்தேன். மச்சாளும் பிள்ளையும் மொன்றியலுக்கு வந்து சேரட்டும் என்று பார்த்தேன். பேந்து பிள்ளையின் பள்ளிக்கூடச் சோதனை. பேந்து அவளுடைய கலியாணம். வெறும் நெற்றியோடு தாய் மணவறைப் பக்கம் வந்தால் நாலு கிழடுகள் வாய் திறக்கும், அதுவும் முடியட்டும். காரணத்துக்கா பஞ்சம். முப்பது வருடம் போய்விட்டது. இப்போது மகளுக்குக் கைக்குழந்தை, வரமுடியவில்லை, என்னைத் துணைக்குப் போகச் சொன்னாள். இந்தப் பயணத்தில் சொல்லியே தீருவது என்று முடிவெடுத்துத்தான் விமானம் ஏறினேன். என் கையில் எட்டு நாள் இருந்தது.

கிராமம் என்றால் ஒரே ஒரு தெரு, பைன் மரங்கள், அதற்கப்பால் வெள்ளை மணல். தங்கிய வீட்டில் மூன்று கட்டில். மகள் தானும் வருவதாக இருந்தபோது பதிவு செய்ததை மாற்ற மறந்துவிட்டாள். வீட்டுக்காரப் பெண்ணுக்கும் அது சொல்லப்படவில்லை. ஒவ்வொரு காலையும் அவர் மூன்று தட்டு, மூன்று முட்டை, மூன்று துண்டு கறுத்தப் பாண் வைத்தார். இரண்டு பேர்தான் என்று சொல்ல நான் எழும்பினேன். மச்சாள் என் கையைப் பிடித்து இருத்தினார்.

"விடுங்கோ மச்சாள். இருக்கட்டும்."

மூன்றாவது முட்டையை அவர் கடுதாசியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு வருவார். நான் அந்தக் கைப்பையைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன்.

அந்தக் கடலை நான் என்னவோ என்று நினைத்துப் போயிருந்தேன். அலையே இல்லை. வாயில் வைத்துப் பார்த்தேன், உப்பும் இல்லை. நூறு அடி நடந்தாலும் முழங்கால் அளவுதான். பிள்ளைகள் வாளியோடு தெத்திக்கொண்டு திரிந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. பருத்தித்துறைக் கடலில் நீந்தி வளர்ந்த மனுசனை இதுவா விழுங்கியது? ஐப்பசி மாதத்துக் குளிரில் என்று எனக்கு நானே சொன்னேன். ஆனாலும் தூரத்தில் யாராவது தண்ணீருக்குள் இருந்து எழும்பி நடந்து வந்தால், முகம் தெரியும்வரை என் கால் அசையாது. ஒவ்வொரு நாளும் அப்படித்தான். மெலிந்த, உயர்ந்த யாரோ ஒரு வெள்ளைக்காரன் வந்து துவாயை எடுத்துக்கொண்டு போவான்.

இதைவிட மோசம் மச்சாளின் கைபேசி. அண்ணையின் பழைய படத்துக்கு முப்பது வயதைக் கூட்டி மகள் ஒரு படம் செய்து கொடுத்திருந்தாள். முன் தலை வழுக்கை, கண்ணுக்குக் கீழே பை, நரைத்த மீசை. எங்கள் அப்பாவின் முகம் அச்சொட்டாக வந்திருந்தது. அண்ணை ஒருநாளும் அடையாத வயது அது. நான் ஒரு தரம் பார்த்துவிட்டு, பாத்றூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மச்சாள் அந்தப் படத்தைப் பேக்கரியில் காட்டினார், பஸ் தரிப்பில் நின்ற கிழவரிடம் காட்டினார், தேவாலயத்தில் பூ வைக்கும் பெண்ணிடம் காட்டினார். எல்லோரும் மரியாதையாகப் பார்த்துத் தலையை ஆட்டி இல்லை என்றார்கள். நானும் பக்கத்தில் நின்றேன். என்னைப் போல ஒரு நடிகை மொன்றியலில் வேறு இல்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் மச்சாள் தனியாகப் போய்விட்டு வந்தார். முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். புகையில் வாட்டிய மீன் விற்கிற பெண்ணிடம் படத்தைக் காட்டினாராம். அவள் கனநேரம் உற்றுப் பார்த்தாளாம், தலையாட்டினாளாம், இவருடைய தோளில் தட்டி என்னவோ சொன்னாளாம்.

"அவவுக்குத் தெரிஞ்சிருக்கு மச்சாள். தெரியாட்டி ஏன் என்னைத் தட்டவேணும்? நாளைக்கு மகளிட்டைச் சொல்லி ரிக்கெற்றை மாத்துவம். இன்னும் ரெண்டு கிழமை நிண்டு, கதைக்கத் தெரிஞ்ச ஒராளைப் பிடிச்சு அவவிட்டை வடிவாய்க் கேப்பம்."

பாவம் அந்த மீன்காரி, யாரோ ஒரு கிழவியின் கண்ணைப் பார்த்து இரங்கியிருக்கிறாள். அவ்வளவுதான். ஆனால் மச்சாள் அன்று இரண்டு பேருடைய சாப்பாட்டைச் சாப்பிட்டார். மகள் பிறந்த காலத்துக் கதைகளைச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கப் பயமாக இருந்தது. இன்னும் ஒரு நாள் பொறுத்தால் இந்தப் பெண் மிச்சமிருக்கிற ஆயுளையும் இந்த மணலில் தேடிக் கழித்துவிடுவார் என்று தெரிந்தது.

அடுத்த நாள் காலை, கடற்கரையில் மர வாங்கில் இருந்தபோது சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"மச்சாள், அண்ணை இல்லை. வள்ளம் பிரண்டது. இந்தக் கடலிலைதான். கூடப் போன ஒராள் கண்டவர். எனக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னவர்."

அழுவார், அடிப்பார், மண்ணை அள்ளி எறிவார் என்றெல்லாம் முப்பது வருடம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் கடலைப் பார்த்தபடியே இருந்தார். எப்படி என்று கேட்கவில்லை. கடைசியாக ஏதும் சொன்னாரா என்று கேட்கவில்லை.

"எப்ப உங்களுக்குச் சொன்னது?" என்றார்.

"அந்த வருசமே. கந்தசஷ்டி முடிஞ்சு ரெண்டாம் நாள்."

அவர் விரல் மடித்து வருடங்களை எண்ணினார். பிறகு மெல்லமாகச் சொன்னார்.

"அப்ப, அந்த மனுசன் உங்கட வீட்டை வந்து என்னைக் கேக்கேக்கை, உங்களுக்குத் தெரியும்."

காரணங்களை வரிசையாக எழுதியபோது நான் ஒன்றை விட்டுவிட்டேன். மச்சாள் மொன்றியலுக்கு வந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு நடந்தது அது. மச்சாளோடு வேலை செய்த ஒருவர், மனைவியை இழந்தவர், நல்ல மனுசன், பனிக்காலத்தில் மச்சாளைக் காரில் கொண்டுபோய் வேலைக்கு இறக்குபவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். பிள்ளையையும் தன் பிள்ளையாக வளர்ப்பதாகச் சொன்னார். அண்ணை பக்கத்து உறவு நான் ஒருத்திதான், ஆகவே முறைப்படி என்னிடம் கேட்டார். மச்சாள் சம்மதித்துத்தான் அவரை அனுப்பியிருக்கிறார். அண்ணை வருவார், இப்படியெல்லாம் கேட்டு வராதீர்கள் என்று சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனார். அந்த வருடமே ரொறன்ரோவுக்கு மாறிப் போய்விட்டார். அண்ணையின் இடத்தில் இன்னொருவர் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதுதான் உண்மைக் காரணம். நெஞ்சு வருத்தமும் சோதனையும் நான் கட்டிக்கொண்ட வேலி.

"ஓம், தெரியும்," என்றேன்.

மச்சாள் எழும்பிச் சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"காரியம் செய்ய வேணும். மகளிட்டை நான் சொல்லுறன். நீங்கள் வரவேண்டாம்."

"என்ர அண்ணை மச்சாள்."

"ஓம், உங்கட அண்ணைதான். நீங்கள் முப்பது வருசமாய்த் தனிய அழுதிட்டியள். இனி நாங்கள் அழுறம்."

மிச்ச இரண்டு நாளும் அவர் என்னோடு சாதாரணமாகத்தான் கதைத்தார். விமான நிலையத்தில் என் பெட்டியையும் சேர்த்து இழுத்தார். அது எனக்கு ஏச்சைவிடக் கொடுமையாக இருந்தது.

காரியம் மொன்றியலில் ஆற்றங்கரையில் நடந்தது. தர்ப்பையால் உருவம் செய்து, மருமகன் எல்லாம் செய்தாராம். பிறகு எங்கள் டொலார்ட் பகுதிக் கோயிலில் பூசை. அந்தக் கோயிலுக்கும் என் வீட்டுக்கும் நடக்கிற தூரம். ஜன்னலைப் பூட்டிவிட்டுக் குசினியில் இருந்தேன். பன்னிரண்டு மணிபோல மகள் தொலைபேசி எடுத்தாள். அழுது அழுது அவளுடைய குரல் அடைத்திருந்தது. அப்பா போன செய்தி எப்படி வந்தது என்று அவள் என்னிடம் கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை.

"மாமி, உங்களுக்குக் கடும் காய்ச்சல் எண்டு அம்மா சொன்னவ. நீங்கள் வர ஏலாமல் போனதை எல்லாரிட்டையும் சொல்லிச் சொல்லி அழுதவ. இப்ப எப்பிடி இருக்கு?"

"ஓம் பிள்ளை," என்றேன். "காய்ச்சல்தான்."