மதாமுக்கு நேரே நீட்டிய கால்

ஐம்பத்திரண்டு வயதில், செவ்வாய்தோறும் பள்ளிச் சமையலறை வேலை முடிந்ததும், சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டப் போகிறேன். பாரிசில் இதற்குப் பெயர் பாலே. உறைபனியில் இரண்டு தரம் வழுக்கி விழுந்தபின், காலுக்குப் பலம் வேண்டுமென்று வைத்தியர் சொன்னார். வீட்டுக்குப் பக்கத்தில் பெரியவர்களுக்கென்று இருந்தது இந்தத் தொடக்க வகுப்புத்தான். ஆசிரியை மதாம் ஒடிலுக்கு எழுபது வயது. முதுகுக்கு மட்டும் இருபது. வருட முடிவில் கம்பியை விட்டு, ஒரு காலை முன்னே நீட்டி, எட்டு எண்ணும்வரை ஆடாமல் நிற்பவர்களுக்கே அடுத்த வகுப்பு. எனக்கு அது வேண்டும். ஏனென்று கேட்காதீர்கள், வேண்டும்.

முழங்கால் ஒத்துழைத்தது. பாதம்தான் சண்டித்தனம் பண்ணியது. மதாம் எதிரில் வந்து நின்றால் அது தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். வயதில் மூத்தவருக்கு நேரே காலை நீட்டுவதா? அதைவிடக் கொடுமை, அவர் குனிந்து என் குதிக்காலைக் கையில் ஏந்தித் திருத்துவார். நான் வெடுக்கென்று இழுத்து, விழப்போய்ச் சமாளித்து, அவர் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். எனக்கு உள்ளங்காலில் கூச்சம் என்று முடிவுகட்டிய மதாம், தடித்த காலுறை போட்டுவரச் சொன்னார். பக்கத்தில் நிற்கும் மோனிக்கின்மேல் கால் பட்டு அவளையும் தொட்டு ஒற்றிக்கொண்டேன். அவள் இதைப் பாலே மரியாதை என்று நினைத்துப் பதிலுக்கு என்னைத் தொட்டு ஒற்றினாள். ஒரு மாதத்தில் வகுப்பில் பாதிப்பேர் கண்ணில் ஒற்றினார்கள். இது மோனிக்கிடமிருந்து வந்த பழக்கம் என்று மதாம் அவளைத்தான் கண்டித்தார்.

எங்கள் ஊர் உருத்திரபுரத்தில் இதை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. காயப்போட்ட நெல்லில், பள்ளிக்கூடக் கொப்பியில் கால் பட்டால், தொட்டுக் கண்ணில் ஒற்றக் கை தன்பாட்டில் போகும். கடைசியாக இடம்பெயர்ந்தபோது ட்ரக்டர் பெட்டிக்குள் ஒருவர்மேல் ஒருவராக நெரிந்து கிடந்தோம். ஷெல் சத்தத்துக்கு எல்லோரும் குனிய, முன்பின் தெரியாத ஒரு ஐயாவின் தோளில் என் கால் இடித்தது. அந்த நேரத்திலும் தொட்டுக் கும்பிட்டேன். அவரும் ஆறுதலாக, "பரவாயில்லைப் பிள்ளை" என்றார். அன்றைக்கே போகாத பழக்கம், பாலேக்குப் பயந்தா போகும்?

இப்போதும் அங்கே வயல் செய்யும் தங்கை வசந்தியிடம் போனில் இதைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. பிறகு சொன்னாள்: "நீட்டேக்கை நீட்டுங்கோ அக்கா. கும்பிடுறதைப் பிறகு கும்பிடலாம்."

கடைசி வகுப்பு வந்தது. கம்பியை விட்டேன். மதாமுக்கு நேரே காலை நீட்டினேன்; பாதம் சுவரைப் பார்க்கவில்லை. அவர் பிரெஞ்சில் எண்ணத் தொடங்கினார். ஐந்தில் வந்து குனிந்து, குதிக்காலின் கீழே உள்ளங்கையை வைத்தார். இழுக்கவில்லை. ஆனால் ஆறில், வசந்தி சொன்னதெல்லாம் மறந்து, வலக்கை கிளம்பிவிட்டது. அவர் தோள் எட்டவில்லை. அந்தப் பக்கத்துக் காற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பியது. கால் அசையவேயில்லை. ஏழு. எட்டு.

மதாம் என் பெயரை அடுத்த வகுப்புக்கு எழுதினார். கால் அருமை, ஆனால் ஆறாவது எண்ணில் உங்கள் கை எங்கே போனது என்று கேட்டார்.

"ஊருக்கு" என்றேன், தமிழிலேயே.