இலுப்பை விதையைக் காயவைத்தவன்

ஆற்றங்கரையில் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிய இடத்தில், முன்பு இருந்த மரங்களையே மறுபடி வளர்ப்பது என்று ஊரில் முடிவானது. நாற்றங்காலை என்னிடம் ஒப்படைத்தார்கள். விவசாயப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன், சொந்த நிலம் உள்ளவன் என்பதால்.

விதை பொறுக்க ஒரு பெண்ணை வைத்துக்கொண்டேன். நாற்பது வயதிருக்கும். நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவர். நடவுக்கு இயந்திரம் வந்தபிறகு அவருக்கு ஊரில் வேறு வேலை கிடையாது. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆனி மாதம் கோயில் தோப்பில் வௌவால்கள் இலுப்பைப் பழத்தைத் தின்றுவிட்டு விதையைக் கீழே போடும். அவர் விடியும்போதே போய்ப் பொறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வருவார். அன்றைக்கே மண் நிரப்பிய பையில் ஊன்றிவிட வேண்டும் என்பார். நானோ நெல்லோடு வளர்ந்தவன். விதை என்றால் பல்லில் வைத்துக் கடிக்கும்போது டக்கென்று உடைய வேண்டும். களத்தில் கொட்டிக் காயவைக்கச் சொன்னேன்.

"காயவெச்சா செத்துடும் சார். இது நெல்லு இல்ல."

"நீ எந்தக் காலேஜ்ல படிச்ச?"

பைக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்த மற்ற பெண்கள் சிரித்தார்கள். "அது டாக்டர் பட்டமே வாங்கியிருக்கு சார்" என்றாள் ஒருத்தி. அவரும் சிரித்தபடியே விதையைக் கொட்டிக் காலால் துழாவிப் பரப்பினார். பத்து நாள் காய்ந்தபிறகு பையில் ஊன்றினோம்.

ஆவணி முடிந்தும் ஒரு பையிலும் முளை இல்லை. ஒரு விதையைத் தோண்டியெடுத்துப் பிளந்து பார்த்தேன். பருப்பு கருத்துச் சுருங்கிக் கிடந்தது. அவர் சொன்னதுதான் சரி என்று அப்போதே புரிந்துவிட்டது.

மறுநாள், மரம் வளர்க்கப் பணம் கொடுத்து உதவியவர்கள் பார்வையிட வந்தார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள்.

"ஊறவைக்கச் சொன்னேன். இந்தம்மா கொதிக்கக் கொதிக்க வெந்நிய ஊத்திடுச்சு."

கொன்றை விதைக்கு நாங்கள் வெந்நீர் ஊற்றுவதுண்டு. அதனால் பொய் சுலபமாக நின்றது.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "நானா சார்?"

"பின்ன நானா?" என்றேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அடுத்த ஆனியில் யாருக்கும் சொல்லாமல் ஈர விதையை நானே ஊன்றினேன். சில வாரங்களில் முளைத்தது. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"தப்பு எம்மேலதான் சார். வெந்நி ஊத்துனது நாந்தான். மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுக்குங்க."

பக்கத்தில் நின்ற அவருடைய கணவர் திடுக்கிட்டார். "ஏய், ஊத்தவே இல்லன்னு எங்கிட்ட சூடத்துல அடிச்சு சத்தியம் பண்ணுனியேடி?"

அந்தப் பெண் கணவர் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். நாக்குவரை வந்தது.

"சரி, விடு. நாளைக்கே வந்துடு" என்றேன். "இனிமே சொன்னத மட்டும் செய்."

அவர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். அதையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.