பங்க் அக்காவின் ஃபுல் டேங்க்

அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பங்க் அக்கா என்று சொன்னால்தான் தெரியும். பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்தபோது மகள் கைக்குழந்தை. இப்போது அந்த மகள் கடல் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். நடுவில் எத்தனை வண்டி வந்து போனது என்று கேட்டால் அக்காவுக்கே தெரியாது. ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வாள்: தன் கையால் நிரப்பின எந்த வண்டியும் பாதி வழியில் நின்றதில்லை.

வண்டி வந்து நின்றதும் அவள் வாய் தானாகப் பேசும். "வண்டிய ஆஃப் பண்ணுங்க. எறங்கிக்கோங்க. ஜீரோ பாத்துக்கோங்க." எவனாவது போனைக் காதில் வைத்துக்கொண்டு வந்தால் அன்றைக்குத் தொலைந்தான். ஒருமுறை முதலாளியின் மச்சானையே ரோட்டுக்குத் துரத்திவிட்டாள். "பேசி முடிச்சிட்டு வாங்க சார், நாங்க எங்கயும் போயிற மாட்டோம்" என்று சொன்னாளாம். மச்சான் மூஞ்சி போன போக்கைப் பற்றிப் பங்கில் இன்னும் பேசிச் சிரிக்கிறார்கள்.

இன்னொரு குணமும் உண்டு. எதைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தே ஆகவேண்டும். இது குடும்ப வியாதி. சின்ன வயதில் அவளும் தம்பியும் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டும்போது சில திருகாணிகள் மிச்சமாகிவிட்டன. கடிகாரம் என்னவோ ஓடத்தான் செய்தது. கூடவே அப்பாவும் ஓடினார், கையில் கம்போடு, இவர்கள் இருவர் பின்னால்.

அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்தவள் அக்காதான். அவன் பிரித்துப் போடும் புத்தியோடே வளர்ந்து கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போனான். போன வருடம் கப்பலில் நீராவிக் குழாய் ஒன்று வெடித்தது. "கையில லேசா சூடு பட்டிருச்சுக்கா, அவ்ளோதான்" என்றான். அவளும் நம்பினாள். ஆனால் அதற்குப் பிறகு வீடியோவில் கூப்பிட்டால் முகம் மட்டும்தான் தெரிகிறது. சாப்பிடுகிற நேரத்தில் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. ஒப்பந்தம் முடிந்தும் வீட்டுக்கு வராமல் அடுத்த கப்பலில் ஏறிவிட்டான். வண்டி வருகிற சத்தத்திலேயே எதில் என்ன கோளாறு என்று சொல்லுகிறவளுக்கு இது புரியாமல் போகுமா? இரவில் விளக்கை அணைத்த பிறகு அவன் கை எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

லீவு போட்டுவிட்டு மகளிடம் வந்திருந்த நேரத்தில்தான் தம்பியின் செய்தி வந்தது. அவன் கப்பல் அதே நாட்டின் துறைமுகம் ஒன்றுக்கு வருகிறது. ஒரே ஒரு நாள். ஊழியர்கள் துறைமுக வாசலைத் தாண்டி அதிக தூரம் போகக்கூடாது, நான்கு மணிக்கெல்லாம் உள்ளே திரும்பிவிட வேண்டும். "முடிஞ்சா வா, இல்லன்னா பரவால்லக்கா" என்று எழுதியிருந்தான். அந்தப் 'பரவால்ல'தான் அவளைக் கிளப்பியது.

ரயில் அந்தப் பக்கம் போவதில்லை. மகளுக்குச் சொந்தமாகக் கார் இல்லை, லைசென்ஸ் மட்டும்தான் உண்டு. இரவு டியூட்டி முடித்த கண்ணோடு அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாடகைக் கார் கடைக்குப் போனாள். பெட்ரோல் வண்டியெல்லாம் போய்விட்டது, மின்சாரக் கார் ஒன்றுதான் நிற்கிறது என்றார் கடைக்காரர். அதிலும் முழுசாகச் சார்ஜ் இல்லையாம், வழியில் ஒரு தடவை ஏற்றிக்கொள்ளச் சொன்னார்.

அக்கா காரைச் சுற்றி வந்தாள். பின்னால் குனிந்து பார்த்தாள். "என்னடி இது, சைலன்சரே இல்ல?"

"பொகை வராதும்மா."

"சரி, எஞ்சின் எங்க?"

"எஞ்சினும் இல்லம்மா. மோட்டார்தான்."

"அப்ப முன்னாடி இவ்ளோ பெரிய மூஞ்சி எதுக்கு?"

கடைக்காரர் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பை வைக்கிற அளவுக்குக் குழி. அக்கா தன் ஸ்வெட்டர் பையை அதில் வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்வெட்டர் இருப்பதில் அவளுக்கு ஒரே சந்தோஷம். கிளம்பின பிறகும், "கிளம்பிட்டமா? சத்தத்தையே காணோமே" என்று இரண்டு தடவை கேட்டாள்.

பாதி வழியில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கடை. அதன் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. பெட்டியில் தடித்த கேபிள், நுனியில் கன். பங்கில் பெட்ரோல் போடும் குழாய் முனையைச் சொல்வது போல இதற்கும் கன் என்றுதான் பேர் என்று மகள் சொன்னதும் அக்காவுக்கு ஏதோ சொந்தக்காரரைப் பார்த்தது போல ஆகிவிட்டது. இறங்கி நாலு பக்கமும் பார்த்தாள்.

"ஆள் எங்கடி?"

"ஆளே கெடையாதும்மா. நாமளேதான் போட்டுக்கணும்."

"ஆளே கெடையாதா?" அக்காவுக்கு அது சரியாகப் படவில்லை. வண்டி வந்து நிற்கும்போது வாங்க என்று சொல்ல ஒருத்தர் கூட இல்லாத பங்க் என்ன பங்க்? போகட்டும், நாம்தான் வந்துவிட்டோமே என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கன்னை எடுத்து மோந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. தன் விரலை மோந்து பார்த்தாள், லீவு போட்டு இத்தனை நாளாகியும் அதில் லேசாகப் பெட்ரோல் வாசனை இருந்தது.

அதற்குள் மகள் பையிலிருந்து போனை எடுத்தாள். எடுத்ததுதான் தாமதம், அக்கா பாய்ந்து வந்து அதைப் பிடுங்கிவிட்டாள். "அறிவிருக்காடி உனக்கு? போடுற எடத்துல போனா?"

"அம்மா! போன்லதான் ஸ்டார்ட் பண்ணணும்!"

"போன்லயா? எந்தப் புத்திசாலி அப்படி வெச்சான்?"

"இது பெட்ரோல் இல்லம்மா, கரண்டு. தீப்புடிக்க ஆவி கீவி எதுவும் வராது. குடு."

அக்கா போனைக் கொடுத்தாள். ஆனால் மனசு கேட்கவில்லை. மகள் பெட்டியில் ஒட்டியிருந்த புள்ளிக் கட்டத்தைப் போன் கேமராவில் பிடித்து, பேர் விலாசமெல்லாம் தட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் கையாலேயே கன்னைக் காரில் செருகினாள். உள்ளே டக்கென்று ஏதோ பூட்டிக்கொண்டது. பெட்டி உறுமியது. திரையில் எண் ஏறத் தொடங்கியது.

"ஜீரோ பாத்துக்கோ" என்றாள் அக்கா, பழக்கத்தில்.

"ஜீரோல்லாம் இல்லம்மா. எவ்ளோ சதவீதம் ஏறியிருக்குன்னு காட்டும். எண்பது வந்ததும் என்னை எழுப்பு, கெளம்பிரலாம்." மகள் பின் சீட்டில் சாய்ந்தாள். இரவு முழுக்க விழித்த கண், சாய்ந்ததும் தூங்கிப்போனாள்.

அக்கா திரைக்குக் காவல் நின்றாள். எண் கிடுகிடுவென்று ஏறியது. கேபிளைத் தொட்டுப் பார்த்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. கரண்டு எங்கிருந்து வருகிறது என்று பெட்டியின் பின்பக்கம் போய்த் தேடினாள். தரைக்குள்ளே போகிறது என்பதோடு தடயம் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது எண்பதைத் தொட்டிருந்தது.

எழுப்பலாமா என்று குனிந்தாள். மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். அதோடு இன்னொன்றும் இருந்தது. எண்பதோடு நிறுத்துவதா? இத்தனை வருட வேலையில் யார் கேட்டாலும் ஃபுல் டேங்க் என்றால் ஃபுல் டேங்க்தான். வாய் வரை வந்து கன் தானாக அடைத்துக்கொள்ளும் வரை அவள் கையை எடுத்ததில்லை. இன்னும் இருபதுதானே, முதல் எண்பது வந்த வேகத்துக்குக் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆகிவிடும். தம்பியைப் பார்க்கப் போகிற வண்டி, குறையோடு போகக்கூடாது.

அங்கேதான் தப்பு நடந்தது. எண்பத்தொன்று வந்தது. எண்பத்திரண்டுக்கு வெகுநேரமானது. அடுத்தது இன்னும் மெதுவாக வந்தது. பின்னால் ஒரு ரொட்டி வண்டி வந்து நின்றது. அதை ஓட்டி வந்த பெண் இறங்கித் திரையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், என்னவோ சொன்னாள். அக்காவுக்கு அந்தப் பாஷை தெரியாது. கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஃபுல் என்று காட்டினாள். அந்தப் பெண் விரல்களைக் குவித்து, சொட்டு சொட்டாக விழுவது போலக் காட்டினாள். இங்கே மழை வருமாக்கும் என்று நினைத்து அக்கா வானத்தைப் பார்த்தாள். வானம் பளிச்சென்று இருந்தது. தொண்ணூற்றிரண்டில் அவளுக்கே லேசாகச் சந்தேகம் வந்தது. ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு எட்டுக்காக விடுவதா?

ரொட்டி வண்டிக்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஹாரன் அடித்தாள். மகள் திடுக்கிட்டு எழுந்தாள், மணியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், தலையில் கை வைத்தாள்.

"ஏம்மா எழுப்பல?"

"ஃபுல் ஆகட்டும்னு..."

"அது அப்படி ஆகாதும்மா! பஸ் மாதிரிதான். காலியா இருக்கும்போது எல்லாரும் தபதபன்னு ஏறி ஒக்காந்துருவாங்க. கடைசியா ஏர்றவங்க சீட்டுத் தேடி அலையணும்ல? எண்பது ஏறுன நேரத்தவிட இந்தக் கடைசி இருபதுக்கு அதிக நேரம்."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு நாளாக இருந்தால், ஏன் அப்படி, யார் அந்தப் பயணிகள், எங்கே சீட்டு என்று கேள்வி கேட்டே மகளைக் கொன்றிருப்பாள். இன்றைக்கு, "கன்னைக் கழட்டு" என்று மட்டும் சொன்னாள். ரொட்டி வண்டிக்காரியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மிச்ச வழி முழுக்க மகள் காரை விரட்டினாள். சார்ஜ் நிறைய இருந்தது, நேரம்தான் இல்லை. ஒரு வருடமாகக் காத்துக் கிடந்த சந்திப்பைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று அக்கா தன்னையே திட்டிக்கொண்டாள். தம்பி உள்ளே போய்விட்டால் அடுத்து எந்தக் கடலில் எந்த வருடம் பார்ப்பது?

துறைமுக வாசல் தெரிந்தது. கம்பி வேலி, அதற்குப் பின்னால் கிரேன்கள். வேலி ஓரத்தில் ஒருவன் நின்றிருந்தான். தடித்த ஜாக்கெட், வலது கை பாக்கெட்டுக்குள்.

"மாமா நிக்கிறாரும்மா" என்றாள் மகள்.

கார் நிற்பதற்குள் அக்கா கதவைத் திறந்துவிட்டாள். தம்பி ஓடி வந்து இடது கையால் அவளைச் சேர்த்துக்கொண்டான். இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது.

"மதியமே வந்துருவேன்னு சொன்னியேக்கா. நான் போயிறலாம்னு நெனைச்சேன்."

"ஃபுல் டேங்க் போட்டேன்டா" என்றாள் அக்கா. மகள் கதையைச் சொன்னாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். சாப்பிட்டியா, தூங்குறியா, கப்பலில் குளிரா என்றெல்லாம் அக்கா கேட்டாள். அவன் எல்லாவற்றுக்கும் ம் போட்டான். அவள் கண் அந்தப் பாக்கெட்டை விட்டு நகரவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கேட்கிறவள், இதைக் கேட்க மட்டும் வாய் வராமல் நின்றாள். கடல் காற்று ஊசியாகக் குத்தியது.

தம்பி காரைப் பார்த்தான். "கரண்டு வண்டியா? நான் இன்னும் கிட்டத்துல பாத்ததில்லக்கா."

"எஞ்சினே இல்லடா. அந்த எடத்துல என் ஸ்வெட்டர்தான் இருக்கு."

"சும்மா சொல்லாத." அவன் காரைச் சுற்றி வந்தான், அவள் காலையில் சுற்றின அதே மாதிரி. பின்னால் குனிந்து சைலன்சர் தேடினான். அக்கா கன் செருகுகிற மூடியைத் திறந்து காட்டினாள்.

"இதப் பாரு. மேல பொடிப்பொடியா ஓட்டை. கீழ மட்டும் ரெண்டு பெருசு. எதுக்குடா அது?"

தம்பி உட்கார்ந்து கிட்டத்தில் பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது, கடிகாரத்தைப் பிரித்த பையனின் முகம். "மேல இருக்கறது வீட்டுக் கரண்டுக்கு. அது வண்டிக்குள்ள மாறித்தான் போகணும். இந்தப் பெரிய ரெண்டும் இருக்கு பாரு, இது நேரா பேட்டரிக்கே போற லைனு. அதான் இவ்ளோ தடி. இங்கேருந்து இப்படி..." என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினான்.

வலது கை விரலால். பேச்சு சுவாரசியத்தில் அது பாக்கெட்டை விட்டு வெளியே வந்திருந்தது. மேல்தோல் பளபளவென்று இறுகியிருந்தது. இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றன, நீளவில்லை.

அவன் பாதிப் பேச்சில் நிறுத்தினான். கையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். திரும்ப உள்ளே விடப் போனான், விடவில்லை.

"வலிக்குதாடா?"

"அதெல்லாம் ஆறிப்போச்சுக்கா."

"ஆறிப்போச்சான்னு நான் கேக்கல. வலிக்குதான்னு கேட்டேன்."

அவன் கிரேன்களைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "வலிக்குதுக்கா. குளிர்ல ரொம்ப வலிக்குது. ஸ்பேனர் புடிச்சா நழுவுது. நீ பாத்தா அழுவேன்னுதான் வீட்டுக்கு வரல."

அக்கா அழவில்லை என்று சொன்னால் பொய். நன்றாக அழுதாள். அழுதுகொண்டே அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தாள். பயந்ததை விடக் கம்மிதான் என்றும், இவ்வளவு பட்டிருக்கிறானே என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது. நாலு மணியாகிவிட்டது என்று வாசல் காவலாளி ஒரு தடவை கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார்.

"இந்தக் கப்பலோட போதும். வீட்டுக்கு வந்துரு" என்றாள்.

"வந்து என்னக்கா பண்றது, இந்தக் கையோட?"

"தெரியல. வா, யோசிப்போம்."

அவன் தலையாட்டினான், பழக்கத்தில் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். காவலாளி திறந்து பிடித்திருந்த கதவுக்குள் போய், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பினான். பிறகு வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, நீளாத விரல்களோடு, அவர்களைப் பார்த்து நன்றாக உயர்த்தி ஆட்டினான்.