ஆறாட்டன்று அடித்த பச்சை வெளிச்சம்

விரல் நீளமுள்ள ஒரு விளக்கு, ஆகாயத்தில் போகிற விமானத்தை என்ன செய்துவிட முடியும்? அன்றைக்குக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. பத்மநாபசாமி கோயில் பக்கத்துச் சாலைக் கடைத்தெருவில் டார்ச் லைட் விற்ற தாணுமாலையனுக்கும் தெரியாது.

அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே எரிச்சல். பக்கத்து மளிகைக்கடை அழகியநம்பியின் மகன் சீனு விமானி. தலைக்கு மேல் எந்த விமானம் போனாலும் நம்பி தராசை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்.

"வே தாணு, கேட்டீரா? நம்ம பய வண்டியாக்கும்!"

"ஊர்ல உள்ள எல்லா வண்டியையும் ஒம்ம பயதான் ஓட்டுகானா?"

தாணு கேட்டுவிடுவார். ஆனாலும் சாமான் வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். தாணுவின் மகன் பத்தாவதைத் தாண்டவில்லை.

2008 ஐப்பசியில் பச்சை லேசர் விளக்குகள் ஒரு பெட்டி வரவழைத்தார். ஆறாட்டன்று மாடியில் நின்று வானத்தில் கோடு போட்டால், மறுநாள் கூட்டமெல்லாம் தன் கடையில்தான். அன்று பத்மநாபசாமி விமான நிலைய ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்கு நீராடப் போவார், விமானங்கள் நிற்கும். நம்பிக்கு அண்ணாந்து பார்க்க ஒன்றும் இருக்காது!

சாமி கோயிலுக்குத் திரும்பும்வரை வானம் காலி என்று நினைத்தார். அங்கேதான் தப்பு. ஊர்வலம் திரும்பி ஓடுபாதையைத் தாண்டிய பிறகு விமானங்கள் இறங்கத் தொடங்கிவிடும். சாமி அப்போது பாதி வழியில்தான் இருப்பார்.

இருட்டியதும் தாணு மாடியேறி விளக்கை அடித்தார். சாமியை எதிர்பார்த்துக் கீழே நின்ற கூட்டம் பச்சைக் கோட்டைப் பார்த்து வாய் பிளந்தது. தாணு மனம் குளிர்ந்துபோனார். அப்போது தெற்கே ஒரு விமானம் தாழ வந்தது. எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. இன்றைக்குமா? அவருக்குப் பொறுக்கவில்லை. வெளிச்சத்தை நேரே அதன் மூக்கில் கொண்டுபோய் வைத்தார். விமானம் இறங்காமல் உறுமிக்கொண்டு மேலே ஏறிப்போயிற்று.

காலையில் நம்பி முகம் வெளுத்து வந்தார்.

"நேத்து சீனுதாம்வே ஓட்டுனான். எவனோ பச்சை லைட் அடிச்சிருக்கான். தூரம் போகப்போக அது விரியுமாம். கண்ணாடி முழுக்கப் பச்சை, ஓடுபாதையே தெரியலையாம். உள்ள நூறு பேருக்கு மேல. மேல ஏத்தி, சுத்தி வந்து இறக்கிட்டான்." நெஞ்சை நிமிர்த்தினார். "எம்மவன்லா!"

தாணுவுக்கு அப்போதும் முதலில் வயிறுதான் எரிந்தது. பிறகுதான் கேட்டார்.

"அவன் கண்ணு?"

"வலிக்குன்னான். டாக்டர் சொன்னாத்தான் இனி பறக்க முடியும்."

தாணு பெட்டியை எடுத்து நம்பியின் முன்னால் வைத்தார். "அந்த எவன் நான்தாம்வே. ஸ்டேஷனுக்கு வாரும், சொல்லிருதேன்."

நம்பி பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நடவும்" என்றார்.

சீனுவின் கண் தேறிவிட்டது. மறுபடி பறந்தான். விமானச் சத்தம் கேட்டால் தாணு இன்றும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பொறாமை அப்படி லேசில் போகாது. ஆனால் லேசர் கேட்டு வருகிறவனை விற்காமல் உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்வார். மாடியில் நின்று வானத்தில் லேசர் அடிக்கிற யாரையாவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.