நாள் தெரியாதவருக்கு ஒரு நாள்

இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உங்களில் பலருக்கு எங்கள் அக்காவை லண்டன் டூட்டிங் கடைத்தெருவில் பையோடு தனியே நடந்துபோகும், அதிகம் பேசாத ஒரு பெண்ணாகத்தான் தெரிந்திருக்கும். அவர் போய் ஓராண்டாகிறது. அவர் பேசாமல் விட்டதில் கொஞ்சத்தை, அவருடைய தம்பி என்ற முறையில் நான் எழுதுகிறேன். அக்காவின் மகளும் அதையே விரும்பினாள்.

அக்கா யாழ்ப்பாணத்து வடமராட்சியில், கடலுக்குக் கிட்டிய ஒரு கிராமத்தில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் பிறந்த அண்ணன் சிறுவயதிலேயே காய்ச்சலில் இறந்தார். அம்மா அந்தத் துக்கத்திலிருந்து எழும்பவேயில்லை. என்னைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடம் கூட்டிப்போனது அக்காதான். படிப்பில் கெட்டிக்காரியாக இருந்தும் அதை இடையில் விட்டதற்குக் காரணமும் நாங்கள்தான்.

அக்காவின் கணவரான எங்கள் அத்தானுக்கு மின்கம்பங்களில் ஏறி இணைப்புத் திருத்தும் வேலை. நல்ல மனிதர், சத்தமாகச் சிரிப்பார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, வேலைக்குப் போன வழியில் ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில் அவரை மறித்தார்கள். வாகனத்தில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். இறக்கியதைக் கண்டவர்கள் இல்லை. அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தார். அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லை என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள்.

நான் முன்னரே லண்டனுக்கு வந்திருந்தேன். சில ஆண்டுகளின் பின் அக்காவும் மகளும் அகதிகளாக வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரி ஒன்றின் துணி அறையில், வெளுத்து வரும் விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை அக்காவுக்குக் கிடைத்தது. விடியுமுன்னே பஸ் ஏறவேண்டும். அந்த வேலையில்தான் மகளைப் படிப்பித்து மருந்தாளராக்கினார்.

குங்குமப் பொட்டும் தாலியும் அவரிடம் அப்படியே இருந்தன. அதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. என் மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டில் அவர் ஆலாத்தித் தட்டைத் தூக்கியபோது, உறவில் மூத்த ஒருவர் அருகில் வந்து மெல்லச் சொன்னார்.

“குறை நினையாதை பிள்ளை. உன்ர நிலைமை என்னெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வேற ஆரும் தூக்கட்டும்.”

அக்கா தட்டை வைத்துவிட்டு மண்டபத்துக் குசினிக்குள் போய் நின்றார். அதன்பிறகு எந்த மங்கல காரியத்துக்கும் அவர் வரவில்லை. சொன்னவர் கெட்டவரல்ல. எங்களிடம் இருந்த முறைகளில் அக்காவுக்கு ஒரு இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

கோயில் ஐயரும் பரிவோடு ஒரு வழி சொன்னார். திதி தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசையில் திவசம் செய்யலாம் என்றார்.

“அது செத்த ஆக்களுக்கு ஐயா,” என்றார் அக்கா. “இவர் செத்திட்டார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

ஐயர் பஞ்சாங்கத்தை மூடிவைத்தார்.

அந்தத் துணி அறையில் அக்காவோடு வேலை செய்தவர் றொசாலியா. குவாத்தமாலாவின் மலைப்பகுதியைச் சேர்ந்த மாயா இனத்துப் பெண். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. மாயா நாட்காட்டிப்படி உலகம் அழியப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதிய அந்த மார்கழியில், கூட வேலை செய்தவர்கள் றொசாலியாவைச் சுற்றி நின்று பகிடி பண்ணினார்களாம். அன்று வீட்டுக்கு வந்த அக்கா, வழமைக்கு மாறாக என்னிடம் நிறையப் பேசினார்.

“அழியிறதெண்டு அவையின்ர ஆக்கள் ஒருத்தரும் சொல்லேல்லையாம் தம்பி. ஒரு பெரிய சுற்று நிரம்புது, நெருப்பு மூட்டி நன்றி சொல்லிப்போட்டு அடுத்ததைத் தொடங்கிறதாம். அதோட சின்னச் சுற்று ஒண்டும் இருக்காம், இருநூற்று அறுபது நாள். அதில ஒவ்வொரு நாளும் ஒரு ஆள் மாதிரியாம், தனித்தனிப் பேர், தனித்தனிக் குணம். போன நாள் செத்துப்போறதில்லையாம். சுத்திப்போட்டுத் திரும்பி வருமாம்.”

பிறகு சொன்னார்:

“அவவின்ர தகப்பனையும் ஆமிதான் கொண்டுபோனது. சோளத் தோட்டத்தில வைச்சு.”

றொசாலியாவின் தாயார் ஊரில் நாள் எண்ணிச் சொல்பவராக இருந்தவர். றொசாலியாவும் அந்த எண்ணிக்கையை லண்டனில் கைவிடவில்லை. கமே என்று ஒரு நாள் அவர்களுக்கு உண்டு. அது மரணத்தின் நாள், முன்னோரின் நாள், ஒன்று முடிந்து இன்னொன்றாக மாறும் நாள். அதை அவர்கள் கெட்ட நாளாக எண்ணுவதில்லை. எப்போது, எங்கே இறந்தார்கள் என்று தெரியாதவர்களையும் அன்றைக்குக் கூப்பிடலாம். அப்படியான ஒரு நாளில் தன் வீட்டுக்கு வரும்படி றொசாலியா அக்காவை அழைத்தார். துணைக்குத்தான் போகிறேன் என்று சொல்லித்தான் அக்கா புறப்பட்டார். காரில் கூட்டிப்போனது நான்.

வீட்டின் பின்புறத்துச் சிறு முற்றத்தில், மழை விட்ட ஒரு மத்தியானம், றொசாலியா சீனியால் ஒரு வட்டம் வரைந்தார். கிழக்கே சிவப்பு மெழுகுதிரி, மேற்கே கறுப்பு, வடக்கே வெள்ளை, தெற்கே மஞ்சள். நடுவில் எங்கள் குங்கிலியம் போல மணக்கும் ஒரு பிசினை வைத்து நெருப்பு மூட்டினார். நாட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். கமே வந்ததும் நிறுத்தி, தகப்பனின் பெயரைச் சொல்லி, ஒரு சிறு பையிலிருந்து எதையோ அள்ளி நெருப்பில் போட்டார். அது படபடவென்று வெடித்தது.

அக்கா குனிந்து பார்த்தார். எள்.

“எள்ளோ?” என்றார் தமிழில். பிறகு என்னைப் பார்த்தார். “தம்பி, இவையும் எள்ளுத்தான் போடுகினம்.”

அதுவரை வேடிக்கை பார்ப்பவர் போல ஒதுங்கி நின்றவர், ஈர நிலத்தில் அப்படியே அமர்ந்துவிட்டார். றொசாலியா அவருடைய உள்ளங்கையில் எள்ளை வைத்தார். நெடுநேரம் அக்காவின் கை மூடியே இருந்தது. பிறகு அத்தானின் பெயரைச் சொன்னார். எங்கள் அக்காவின் தலைமுறைப் பெண்கள் கணவனின் பெயரைச் சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். என் காதால் அன்றுதான் அதை முதன்முறை கேட்டேன். முழுப்பெயரையும், தகப்பன் பெயரோடு சேர்த்து, அரசாங்கக் கச்சேரியில் ஆளைக் கூப்பிடுவது போல உரக்கச் சொன்னார். எள் வெடித்து முடியும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தார்.

அதனால் ஆறுதல் கிடைத்தது என்று எழுத எனக்கு விருப்பம். ஆனால் அப்படி நடக்கவில்லை. அக்கா பல நாட்கள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். இதைக் கேள்விப்பட்ட மகள் கொதித்துப்போனாள். தகப்பனின் முகம் நினைவில்லாமலே வளர்ந்து, அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு மழையிலும் பனியிலும் காணாமல் போனவர்களுக்கான ஆர்ப்பாட்டங்களில் நின்றவள் அவள்.

“அப்பா செத்திட்டார் எண்டு முடிவு கட்டிட்டீங்களோ அம்மா? பிடிச்சுக்கொண்டு போனவங்களுக்கு அதுதானே வேணும்!”

“இல்லைப் பிள்ளை. எங்க இருந்தாலும் கேக்கட்டும் எண்டு கூப்பிட்டனான்.”

“உயிரோட இருக்கிற ஆளை ஆரும் நெருப்பில கூப்பிடுவினமோ?”

அதன்பிறகு மகள் வீட்டுக்கு வருவது குறைந்தது. அக்கா கமே வரும்போதெல்லாம் றொசாலியா வீட்டுக்குப் போய்வந்தார். பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன. ஆனால், அத்தானைப் பற்றி வாய் திறக்காதவர், என்னோடு அவரைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது எல்லாம் பிந்திவிட்டது. மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து கட்டிலருகே இருந்தாள். வலி அடங்கியிருக்கும் வேளைகளில் அக்கா அவளுக்குத் தகப்பனைப் பற்றிச் சொன்னார். எவ்வளவு உயரத்திலும் ஏறுகிற மனிதருக்குக் கிணற்றை எட்டிப் பார்க்கப் பயமாம். தண்ணீர் அள்ளும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாராம். மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். “இன்னும் சொல்லுங்கோ அம்மா,” என்று கேட்டபடியே இருந்தாள். சொல்வதற்கு நிறைய இருந்தது. நாட்கள்தான் போதவில்லை. ஒரு பிற்பகலில், மகள் கையைப் பிடித்திருக்க, அக்கா அடங்கினார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று பெயர், கோத்திரம் எல்லாம் கேட்டுக்கொண்டு வந்த ஐயரிடம் மகள் முன்னால் வந்து சொன்னாள்.

“ஐயா, அப்பான்ர பேரையும் சேருங்கோ.”

ஐயருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும். “திதி, பிள்ளை?” என்று தயங்கிக் கேட்டார்.

“தெரியாது ஐயா.”

அவர் இன்னொரு தர்ப்பையை எடுத்து வைத்தார். “சரி. அம்மான்ர திதியிலயே அப்பாவுக்கும் செய்வம். இனி ரெண்டு பேருக்கும் ஒரு நாள்.”

மகள் பெயரைச் சொன்னாள். குரல் உடையவில்லை. அவள் தகப்பனைத் தேடுவதை நிறுத்தவுமில்லை; போன மாதமும் படத்தோடு போய் நின்றுவிட்டு வந்தாள். ஆகவே, இன்று நீங்கள் வந்திருப்பது இருவருடைய திவசத்துக்கு.

அக்காவைக் கடைசிவரை முகம் சுழிக்காமல் பராமரித்த தாதியருக்கும், செத்தவீட்டன்று எங்கள் வாசலில் நின்று காரியங்களைப் பார்த்த அயலவர்களுக்கும், முப்பத்தோராம் நாள் சமையலைத் தம் தலையில் போட்டுக்கொண்ட உறவினர்களுக்கும், கிரியைகளைச் செய்துதந்த ஐயருக்கும், அக்காவைத் தன் நெருப்பருகே இருத்திய சகோதரி றொசாலியாவுக்கும் எங்கள் நன்றி.

எங்கள் அத்தானுக்கு, அவர் எங்கே வைக்கப்பட்டிருந்தாலும், யாராவது ஒருவர் ஒரு மிடறு தண்ணீர் கொடுத்திருந்தால், பெயர் தெரியாத அவருக்கும் எங்கள் நன்றி உரித்தாகுக.