அண்ணாச்சி மாடு தின்னாத புண்ணாக்கு

கடலைப் புண்ணாக்கு என்று தீவனக் கடைக்காரர் கொடுத்ததைத் தின்று எங்கள் பசு ரத்தமாகக் கழிந்து செத்தது. வயலுக்கு உரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கை அதில் கலந்திருக்கிறார்கள், மாட்டுக்கு அது விஷம் என்றார் மாட்டு டாக்டர். அம்மா அழுதாள். எனக்கு வெறிதான் வந்தது.

மிச்ச மூட்டையை பைக்கில் போட்டுக் கடைக்குப் போனேன். கடையை ஒட்டி அவருடைய பசு நின்றது. போனில் வீடியோவை ஓடவிட்டு, அதன் முன்னால் புண்ணாக்கைக் கொட்டினேன்.

“நல்ல சரக்குன்னீங்கள்லா அண்ணாச்சி, உங்க மாடும் திங்கட்டும்.”

பாய்ந்து வந்து மாட்டை இழுத்தார். “ஏலே, செத்துப்போவும்லே!”

கடைக்கு வந்திருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. சாயங்காலத்துக்குள் கயத்தாறு வரைக்கும் பால்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் அவர் குரல்தான். வீடியோவை அழிக்கச் சொல்லி இன்னும் ஆள் விடுகிறார். அழிக்க மாட்டேன்.